வயலில் நிற்பவரிடம் வாசலில் கையெழுத்து கேட்காதீர்கள்

காவிரிப் படுகையில் வெளிநாட்டுப் பார்சல்களைப் பட்டுவாடா செய்யும் கூரியர் நிறுவனங்களின் மேலாளர்களுக்கும், அவற்றை அனுப்பிவைக்கும் இணைய விற்பனைத் தளங்களுக்கும்,

வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து வரும் எந்தப் பார்சலும், விலை எதுவானாலும், லேபிளில் பெயர் உள்ளவரே நேரில் கையெழுத்திட்டால்தான் தரப்படும் என்று ஆடி மாதத் தொடக்கத்திலிருந்து எங்களுக்குக் குறுஞ்செய்தி வந்துகொண்டிருக்கிறது. வீட்டில் உள்ள வேறு யாரிடமும் தரமாட்டார்கள். எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாலும் நடக்காது. மூன்று முறை ஆள் இல்லையென்றால் பார்சல் வந்த வழியே திரும்பிவிடும். இந்த முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதையும், அதற்குப் பதில் என்ன செய்ய முடியும் என்பதையும் எழுதுகிறோம்.

முதலில் நேரம். ஜூன் 12 மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தால், அன்று தொடங்கும் வேலை தை அறுவடை வரை ஓயாது. குறுவை நடவு, களையெடுப்பு, சம்பா நாற்றங்கால், குறுவை அறுப்பு, சம்பா நடவு என்று ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். காலை ஆறு மணிக்கு வயலில் இறங்கினால் கரையேற மதியம் ஒன்றோ இரண்டோ ஆகும். அறுவடையானால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, முறை வரும்வரை இரவும் பகலும் அங்கேயே காவல் இருக்க வேண்டும். உங்கள் வண்டி ஊருக்குள் வருவது பெரும்பாலும் பதினொன்றுக்கும் நான்குக்கும் நடுவில். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது வயதான அம்மா, அல்லது சமையலை முடித்து உட்கார்ந்திருக்கும் மருமகள். அவர்கள் கையில் கொடுக்க மாட்டோம் என்றால், யார் கையிலும் கொடுக்க மாட்டோம் என்றுதான் பொருள்.

வெளிநாட்டுப் பார்சல் என்றதும் விலை உயர்ந்த கைக்கடிகாரத்தையோ ஆடம்பரப் பையையோ நினைக்க வேண்டாம். இந்தப் பக்கம் வருவது வேறு. திருவையாற்றில் வயலின் படிக்கும் மாணவருக்கு ஆஸ்திரியாவிலோ ஜெர்மனியிலோ செய்த ஒரு செட் தந்தி. சுவாமிமலையில் சிலை மெருகேற்றுபவருக்குச் சிறு கைமோட்டாரில் மாட்டும் நுண்ணிய முனைகள். மன்னார்குடியில் கைப்பேசி பழுது பார்ப்பவருக்கு வெப்பக்காற்றுக் கருவியின் மூக்கு. காது கேட்கும் கருவி வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு, நகக்கண் அளவுள்ள மெழுகு வடிகட்டி. உள்ளூரில் கிடைத்தால் யாரும் பதினைந்து நாள் காத்திருந்து டாலரில் காசு கட்ட மாட்டார்கள். அந்த ஒரு பாகம் வராவிட்டால் வேலை நிற்கிறது, அதனால்தான் வாங்குகிறார்கள்.

கையெழுத்து வேண்டும் என்று முடிவு செய்வது யார்? வாங்குபவரும் இல்லை, வண்டியில் வரும் தம்பியும் இல்லை. விற்பவர் லேபிள் எடுக்கும்போது ஒரு கட்டத்தில் டிக் அடிக்கிறார். அது பார்சலின் விவரத்தோடு சேர்ந்து பட்டைக்குறியீட்டில் ஏறிவிடுகிறது. இங்கே தம்பி தன் கைப்பேசியில் ஸ்கேன் செய்ததும் கையெழுத்துக் கட்டம் திறக்கிறது. அது நிரம்பாமல் 'கொடுத்தாயிற்று' என்று பதிய முடியாது. விற்பவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பொருள் வரவில்லை என்று வாங்கியவர் புகார் கொடுத்தால் அவர் காசு போய்விடும். ஈபே தளத்தில் 750 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஆர்டருக்குக் கையெழுத்துச் சான்று இருந்தால்தான் அந்தப் புகாரிலிருந்து விற்பவருக்குப் பாதுகாப்பு. இணையத்தில் பணம் செலுத்தும் சேவையான பேபாலும் இதே 750 டாலரைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. அதற்குக் கீழே, பார்சல் சேர்ந்தது என்ற தடப் பதிவே போதும். அப்படியிருக்க, இருபது டாலர் தந்தி செட்டுக்கும் ஏன் கையெழுத்து? பல விற்பனையாளர்கள் எல்லா ஆர்டருக்கும் ஒரே அனுப்பும் முறையை ஒருமுறை அமைத்துவிட்டு, பிறகு அதைத் தொடுவதே இல்லை. இப்போது விற்பவர் கேட்காத இடத்திலும் நீங்களே அதைக் கட்டாயமாக்கிவிட்டீர்கள்.

தபால் வழியில் வருவதில் இந்த விஷயம் எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த தட எண்ணில் 13 இடங்கள்: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பதற்கானது. ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கினால் பதிவுத் தபால், கையெழுத்து வாங்கித்தான் தருவார்கள். 'யு' என்று தொடங்கினால் சாதாரணத் தபால், கையெழுத்து தேவையில்லை. வாங்கும்போதே எதை எடுப்பது என்று ஓரளவு தீர்மானித்துக்கொள்ளலாம். உள்நாட்டிலும் 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்த அஞ்சல் துறை, அக்டோபர் 1 முதல் இரண்டு கூடுதல் சேவைகளைத் தனித்தனியாக வைத்தது. குறிப்பிட்டவர் கையில் மட்டும் தரும் பதிவுக்கு 5 ரூபாயும் ஜிஎஸ்டியும். ஓடிபி சொல்லிப் பெறுவதற்கும் 5 ரூபாயும் ஜிஎஸ்டியும். ஆளைப் பார்த்துக் கொடுப்பது வேறு, கொடுத்ததற்குச் சான்று வாங்குவது வேறு என்று அங்கே பிரித்துவைத்திருக்கிறார்கள். உங்கள் புதிய விதி இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டுப் பெயரைப் பற்றித் தெரியாதவர்கள் எழுதிய விதி இது என்று உறுதியாகச் சொல்ல முடியும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்தும் பெயரும்தான். வெளிநாட்டுத் தளத்தின் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து, ஒற்றை எழுத்தைக் கடைசிப் பெயராக ஏற்க மறுக்கும். வேறு வழியில்லாமல் அப்பா பெயரை அங்கே போடுகிறோம். லேபிளில் 'முருகேசன் கலியபெருமாள்' என்று அச்சாகிறது. ஆதாரில் 'முருகேசன்' மட்டும் இருக்கும்; பான் அட்டையில் 'கலியபெருமாள் முருகேசன்' என்று திரும்பியிருக்கும். சுங்கத்துக்கான கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பிலேயே இதனால் இரண்டு நாள் போகிறது. அதைத் தாண்டி ஊருக்கு வந்தால், உங்கள் தம்பி "கலியபெருமாள் யாருங்க, அவர்தான் வரணும்" என்கிறார். கலியபெருமாள் இறந்து பத்து வருடம் ஆகியிருக்கலாம். விதியைப் பின்பற்றினால் அந்தத் தம்பி பார்சலைத் திருப்பித்தான் எடுத்துப் போக வேண்டும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

முகவரியும் அப்படித்தான். பல கூரியர் லேபிள்களில் முகவரி வரி ஒன்றுக்கு 35 எழுத்துதான் இடம். கதவு எண், மேலத்தெரு, ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம் என்று எழுதினால் ஊர்ப் பெயரே பாதியில் அறுந்துபோகும். ஒரே பின்கோடுக்குள் பல கிராமங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மேலத்தெரு, ஒரு கீழத்தெரு. தொலைபேசி எண்ணில் நாட்டுக் குறியீடு இரண்டு முறை விழுந்து கடைசி இலக்கங்கள் காணாமல் போவதும் உண்டு. அப்போது தம்பி எந்த எண்ணைக் கூப்பிடுவார்? கூப்பிட முடியாத இடத்தில் 'முயற்சி செய்தோம், பெறுநர் இல்லை' என்ற பதிவு விழுகிறது. ஊர் எல்லைக்கே வண்டி வராத நாளிலும் அந்தப் பதிவு விழுகிறது. தெருவில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே 'கதவு பூட்டியிருந்தது' என்று குறுஞ்செய்தி வருகிறது. இதன் காரணத்தையும் நாங்கள் அறிவோம்: வண்டியில் வருபவருக்குக் கொடுத்த பார்சலுக்குத்தான் காசு. கொடுக்க முடியாமல் திரும்பிய பார்சலுக்குப் பெட்ரோல்கூட அவர் கைக்காசு. பெயர் உள்ளவரே வேண்டும் என்று விதி இறுகினால், ஆள் கிடைக்க மாட்டார் என்று தோன்றும் ஊருக்கு அவர் போகமாட்டார். உங்கள் விதிதான் அந்தப் பொய்ப் பதிவை உண்டாக்குகிறது.

இனி கையெழுத்து என்ற பெயரில் நீங்கள் வாங்குவது என்ன என்று பார்ப்போம். ஐந்தாறு அங்குலக் கண்ணாடியில் விரலால் இழுக்கும் ஒரு கோடு. ஐப்பசி அடைமழையில் நனைந்த விரலைத் திரை சரியாக உணராது. ஒரு சொட்டு நீர் விழுந்தால் கோடு தானாக ஓடும். சேற்றில் காய்ந்து வெடித்த விரலுக்கும் அதே நிலை. எழுதத் தெரியாத பெரியவர்கள் காகிதத்தில் இடது கைப் பெருவிரலை உருட்டுவார்கள். கண்ணாடியில் அந்த ரேகை பதியாது, வெறும் புள்ளிதான் விழும். அந்தக் கோட்டை ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் எங்கள் மாதிரிக் கையெழுத்து எதுவும் இல்லை. நாளை தகராறு வந்து, இது என் கையெழுத்து இல்லை என்று ஒருவர் சொன்னால், ஆம் என்றோ இல்லை என்றோ நிறுவ உங்களால் முடியாது. 2020இல் கொரோனா பரவியபோது உலகின் பெரிய கூரியர் நிறுவனங்கள் பல நாடுகளில் இந்தக் கையெழுத்தை நிறுத்திவைத்து, வாங்கியவர் பெயரை மட்டும் கேட்டுப் பதிந்துகொண்டு பார்சலை வாசலில் வைத்தன. வணிகம் நடக்கத்தான் செய்தது.

கையெழுத்தால் எங்களுக்கு இன்னொரு தீங்கும் நேர்கிறது. பெட்டியைப் பிரிக்கும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். மூலை நசுங்கியிருக்கும், டேப் ஒட்டியது இரண்டாம் முறையாக இருக்கும், உள்ளே கலகலவென்று சத்தம் வரும். காகிதச் சீட்டாக இருந்தால் 'பெட்டி சேதமாக வந்தது' என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடலாம். கண்ணாடியில் எழுத இடமே இல்லை. பிறகு விற்பவரிடம் உடைந்த படத்தை அனுப்பினால், நல்ல நிலையில் பெற்றதாகக் கையெழுத்து இருக்கிறதே என்கிறார். காப்பீட்டுக் கோரிக்கையும் அங்கேயே நின்றுவிடுகிறது. கேமரா லென்ஸ், கண்ணாடிக் குழாய், மின்னணுப் பலகை வாங்குபவர்கள் எல்லோருக்கும் இந்த வேதனை தெரியும்.

பெயர் பொருந்தாதபோது அடையாள அட்டை கேட்கிறார்கள். கேட்பது சரி. ஆனால் முழு ஆதாரையும் தன் சொந்தக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போவது சரியில்லை. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது. அதைக் காட்டினால் 'இது செல்லாது' என்று திருப்புகிறார்கள். எந்த அட்டை செல்லும், எதைப் பார்க்க மட்டும் வேண்டும், எதைப் படம் எடுக்கலாம் என்று எழுத்தில் ஒரு வரி உங்களிடம் இருக்கிறதா?

பார்சல் திரும்பிப் போனால் என்ன ஆகும் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். விலை குறைந்த பொருளைக் கடல் கடந்து திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையை விஞ்சிவிடும். அதனால் பல விற்பனையாளர்கள் அதைத் திரும்பப் பெறவே விரும்புவதில்லை, அப்படியே கைவிட்டுவிடுகிறார்கள். பெற்றுக்கொள்பவர்களும் போகும் செலவு, வரும் செலவு இரண்டையும் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருகிறார்கள். 'பெறுநர் இல்லை' என்று பதிவு இருப்பதால் தவறு வாங்கியவர் தலையில் விழுகிறது. அட்டையில் பிடித்த அந்நியச் செலாவணிக் கட்டணம் திரும்பாது. மாற்று விகிதமும் அதற்குள் மாறியிருக்கும். சுங்க வரி தனிக் கதை. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, வரி கட்டி வந்த சரக்கு பயன்படுத்தப்படாமல் இரண்டு ஆண்டுக்குள் திரும்ப ஏற்றுமதியானால் வரியில் 98 விழுக்காட்டைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதே சரக்குதான் என்று அதிகாரி முன் நிறுவ வேண்டும், ஏற்றுமதி ஆவணம் வேண்டும். எண்ணூறு ரூபாய் வரிக்காக நன்னிலத்துக்காரர் யாரைப் பிடித்து அந்தத் தாளை வாங்குவார்? நீங்கள் திருப்பி அனுப்பும் நாளில் அந்தக் காசு முடிந்துபோகிறது.

'நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம்' என்ற வழியைச் சொல்கிறீர்கள். எங்கே? தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருக்கும் கிடங்கில், அலுவலக நேரத்தில், ஞாயிறு தவிர. வேதாரண்யத்திலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ கிளம்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். இதற்குப் பெயர் வசதி இல்லை.

திருட்டும் ஏமாற்றும் நடக்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டே வரவில்லை என்று சொல்பவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கலாம். விலை உயர்ந்த பொருளுக்கும், வாசலில் வரி வசூலிக்க வேண்டிய பார்சலுக்கும் ஆள் இருந்தே ஆக வேண்டும், அதை மறுக்கவில்லை. மற்றவற்றுக்கு வலுவான சான்று வேறு இருக்கிறது. லேபிள் தெரியும்படி பார்சலையும் வாசலையும் சேர்த்து எடுத்த படம், எடுத்த நேரம், இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி, வாங்கியவர் பெயர், உறவு. இந்த ஐந்தும் சேர்ந்தால் எந்தக் கிறுக்கலையும் விடப் பலமாக நிற்கும். ஓடிபியும் நல்ல வழி. எண் சிங்கப்பூரில் இருக்கும் மகனுடையதாக இருந்தாலும், அவர் அங்கிருந்து அம்மாவுக்குச் சொல்லிவிடுவார். ஆனால் ஓடிபி ஒன்றை மட்டும் நம்பி மற்ற வழிகளை அடைத்துவிட வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு பல ஊர்களில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் நாள் கணக்கில் இல்லை. மழைக்காலத்தில் சிக்னல் போவது இங்கே இன்றும் வழக்கம்.

இடத்தைக் காட்டவும் இப்போது வழி வந்துவிட்டது. அஞ்சல் துறை 2025இல் வெளியிட்ட டிஜிபின், நாட்டை ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. அறுந்த முகவரி வரியில் அந்தப் பத்து எழுத்துக்கு இடம் உண்டு. எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதை நாங்கள் செய்கிறோம்: முகவரியின் இரண்டாம் வரியில் டிஜிபின், தொலைபேசிக் கட்டத்தில் நாட்டுக் குறியீடு இல்லாமல் பத்து இலக்கம், கடைசிப் பெயர்க் கட்டத்தில் அட்டையில் உள்ளபடியே பெயர், ஆர்டர் குறிப்பில் 'கையெழுத்து தேவையில்லை' என்று விற்பவருக்கு ஒரு வரி. நீங்கள் உங்கள் பக்கத்தைச் செய்யுங்கள்.

கூரியர் நிறுவனங்களிடம் நாங்கள் கேட்பது:

பெயர் உள்ளவரே கையெழுத்திட வேண்டும் என்ற பொது விதியைத் திரும்பப் பெறுங்கள். விற்பவர் காசு கட்டிக் கேட்ட பார்சலுக்கும், வரி வசூலிக்க வேண்டிய பார்சலுக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பார்சல் சுங்கத்தைக் கடந்த அன்றே தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, யாரிடம் கொடுக்கலாம் என்று கேளுங்கள்: வீட்டில் உள்ள பெரியவர், எதிர்வீடு, ஊர்க் கடை, ஓடிபி. பெறுநர் சொன்ன பதில் தம்பியின் திரையில் தெரிய வேண்டும். கைப்பேசியில் பதில் தர இயலாதவர்களுக்குக் காகித அனுமதிக் கடிதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பார்சல் எண், வாங்கப்போகிறவர் பெயர், உறவு, பெறுநர் கையெழுத்து அல்லது கைநாட்டு, வாங்குபவரின் அட்டையில் கடைசி நான்கு இலக்கம். இவ்வளவு போதும்.

மறைக்கப்பட்ட ஆதார் செல்லும் என்று எழுத்தில் அறிவியுங்கள். அடையாள அட்டையைத் தனிக் கைப்பேசியில் படம் எடுப்பதை நிறுத்துங்கள். லேபிளில் அப்பா பெயர் சேர்ந்திருந்தால், அட்டையில் உள்ள பெயர் லேபிளில் எந்தப் பக்கம் இருந்தாலும் ஏற்க வேண்டும் என்று பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

'ஆள் இல்லை' என்ற ஒவ்வொரு பதிவோடும் வாசலின் படமும் ஜிபிஎஸ் புள்ளியும் இருக்கட்டும். அவை இல்லாத பதிவை முயற்சியாகக் கணக்கிடாதீர்கள். ஊருக்கு உண்மையாகவே போய்த் திரும்பிய தம்பிக்கு, பார்சல் கொடுக்க முடியாவிட்டாலும் ஒரு தொகை கொடுங்கள்.

சேதக் குறிப்பு எழுத ஒரு கட்டமும், பெட்டியின் நான்கு பக்கத்தையும் பார்க்கச் சில நிமிடமும் கொடுங்கள்.

திருப்பி அனுப்பும் முன் குறைந்தது பதினைந்து நாள் வைத்திருங்கள். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, நாகப்பட்டினம் ஒவ்வொன்றிலும் காலை ஏழு முதல் இரவு எட்டு வரை திறந்திருக்கும் கடை ஒன்றைப் பார்சல் பெறும் இடமாக வையுங்கள்.

விற்பனைத் தளங்களிடம் கேட்பது இரண்டு. கையெழுத்து வேண்டுமா வேண்டாமா என்பதை ஆர்டர் பக்கத்திலேயே காட்டி, வேண்டாம் என்று வாங்குபவர் சொல்லும் வழியை வையுங்கள். கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஒற்றை எழுத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இந்திய நுகர்வோருக்கு முறையாக விற்கும் வெளிநாட்டுத் தளங்களையும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கட்டுப்படுத்தும். குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது அதிலுள்ள விதி. திரும்பிப்போன ஒவ்வொரு பார்சலுக்கும் இனி நாங்கள் அந்த அதிகாரிக்கு எழுதுவோம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வோம்.

குறுவை அறுப்பு தொடங்க அதிக நாள் இல்லை. புரட்டாசி முடிவதற்குள் உங்கள் பதிலை எழுத்தில், தமிழில் தாருங்கள். அதுவரை கிடங்கில் இருக்கும் எங்கள் பார்சல் எதையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
காவிரிப் படுகைக் கிராமங்களில் வெளிநாட்டுப் பார்சலுக்குக் காத்திருப்போர்